எந்த நாட்டில் விமானம் ஓட்டக் கற்கலாம்?

"பிள்ளை விமானி ஆக வேண்டும் என்கிறான். எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?"

இந்தக் கேள்வி இப்பொழுது பல வீடுகளில் கேட்கிறது. பெரும் பணக்காரர் வீட்டில் மட்டும் அல்ல. ஆசிரியர் வீட்டில் கேட்கிறது. மளிகைக் கடைக்காரர் வீட்டில் கேட்கிறது. இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு வீடும் உள்ள விவசாயி வீட்டிலும் கேட்கிறது.

மகன் மட்டுமா? மகளும் கேட்கிறாள். கேட்பதில் தவறு இல்லை. விமானிகளில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுத்தால், உலகச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

கேள்வி வந்த உடனே பதிலும் வந்துவிடுகிறது.

"அமெரிக்காவுக்கு அனுப்புங்கள். சீக்கிரம் முடியும்" என்கிறார் ஒருவர்.

"தென் ஆப்பிரிக்காதான் மலிவு" என்கிறார் இன்னொருவர்.

"ஐரோப்பிய லைசென்சுக்குத்தான் மதிப்பு" என்கிறார் மூன்றாமவர்.

மூன்று பேரும் ஊரைப் பற்றியே பேசுகிறார்கள். வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் சொல்வது இதுதான்: எங்கே கற்பது என்று முதலில் கேட்காதீர்கள். எங்கே வேலை பார்ப்பது என்று முதலில் கேளுங்கள். வேலை பார்க்கும் நாடு முடிவானால், கற்கும் நாட்டை முடிவு செய்வது எளிது. இதை மாற்றிச் செய்தவர்கள், கையில் லைசென்சும் தலையில் கடனுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லைசென்சு எந்த நாட்டுடையது?

விமானம் ஓட்டும் லைசென்சை ஒவ்வொரு நாட்டு அரசாங்கமும் தனித்தனியே கொடுக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே லைசென்சு என்று ஒன்று கிடையாது.

1944-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பல நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. விமானிக்கு இருக்கவேண்டிய குறைந்த தகுதி என்ன என்பதற்கு, அந்த ஒப்பந்தத்தின் வழியாகப் பொது விதிகள் ஏற்பட்டன. அந்தக் குறைந்த தகுதிக்கு மேலே, ஒவ்வொரு நாடும் தன் சொந்த விதியை வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இந்த வேலையைப் பார்ப்பது டி.ஜி.சி.ஏ. என்னும் அரசாங்க அலுவலகம். டெல்லியில் இருக்கிறது. இந்தியக் கம்பெனியின் விமானத்தை ஓட்ட இந்த அலுவலகத்தின் லைசென்சு வேண்டும்.

அமெரிக்காவில் லைசென்சு வாங்கி வந்தால், அதைக் காட்டி உடனே இங்கே விமானம் ஓட்ட முடியாது. அதை இந்திய லைசென்சாக மாற்றவேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. டாக்டர் சோதனை உண்டு. பறந்து காட்டும் சோதனை உண்டு. வெளிநாட்டு லைசென்சு உண்மையானதா என்று, அதைக் கொடுத்த நாட்டுக்கு எழுதிக் கேட்பார்கள். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த மாற்றும் வேலைக்கு மாதங்கள் பிடிக்கும். இதை ஏஜெண்டுகள் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டில் வேலை கிடைக்காதா?

"அமெரிக்காவில் கற்றால் அங்கேயே வேலை கிடைக்குமே!" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2009-ல் பபலோ நகரத்தின் அருகே ஒரு பயணி விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதி கடுமையாயிற்று. 2013 முதல், பெரிய விமானக் கம்பெனியில் விமானி ஆக, பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சில படிப்பு படித்தவர்களுக்கும், ராணுவத்தில் பறந்தவர்களுக்கும் சலுகை உண்டு.

பயிற்சி முடிக்கும் மாணவனிடம் இருப்பது 200 அல்லது 250 மணி. மீதி மணிகளை அமெரிக்கப் பிள்ளைகள் எப்படிச் சேர்க்கிறார்கள்? பெரும்பாலும் பறக்கும் பள்ளியிலேயே ஆசிரியராக வேலை பார்த்துச் சேர்க்கிறார்கள். நம் பிள்ளை போவது மாணவர் விசாவில். அந்த விசா, ஆண்டுக்கணக்கில் அங்கே தங்கிச் சம்பளத்துக்கு வேலை பார்க்க விடாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே 13 பாடங்களில் பரீட்சை. ஒவ்வொன்றிலும் 75 மார்க்கு எடுக்கவேண்டும். கடினமான படிப்பு; நல்ல படிப்பு. ஆனால் அங்குள்ள விமானக் கம்பெனிகள் வேலைக்கு விளம்பரம் செய்யும்போது, ஐரோப்பாவில் வசித்து வேலை பார்க்கும் உரிமை உண்டா என்று முதலில் கேட்கின்றன. அந்த உரிமை நம் பிள்ளையிடம் இல்லை.

இங்கிலாந்து 2020-ம் ஆண்டு முடிவோடு ஐரோப்பிய விமான அமைப்பிலிருந்து விலகிவிட்டது. இங்கிலாந்து லைசென்சு வேறு, ஐரோப்பிய லைசென்சு வேறு என்று ஆகிவிட்டது. "இங்கிலாந்தில் கற்றால் ஐரோப்பா முழுவதும் ஓட்டலாம்" என்று இன்னும் ஒருவர் சொன்னால், அவர் பழைய கதை சொல்கிறார்.

வளைகுடா நாடுகளில் இந்திய விமானிகள் நிறைய இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல ஆயிரம் மணி பறந்த பிறகு அங்கே போனவர்கள்.

ஆகவே, இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு முதல் வேலை கிடைக்கக்கூடிய இடம் இந்தியாதான். இதை முதலில் மனதில் நிறுத்துங்கள்.

கனடாவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளையின் நிலை வேறு. அவனுக்கு டொரண்டோவே சொந்த ஊர். அவன் கனடா லைசென்சு வாங்குவதுதான் நியாயம். அவன் கனடாவில் கற்கிறான் என்பதற்காக மதுரைப் பிள்ளையும் கனடாவுக்குப் போகவேண்டும் என்பது இல்லை.

பின் ஏன் வெளிநாடு?

அப்படியானால் வெளிநாட்டுக்கே போகவேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. போவதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. அதுதான் வானம்.

சின்ன விமானத்தில் கற்கும் பிள்ளைக்குத் தெளிவான வானம் வேண்டும். மழை, மூடுபனி, பலத்த காற்று இருந்தால் விமானம் வெளியே வராது. நம் நாட்டில் பருவ மழைக் காலத்தில் பல நாள் வீணாகும். வடக்கே குளிர்காலத்தில் மூடுபனி. பல பள்ளிகளில் விமானமும் குறைவு, ஆசிரியரும் குறைவு.

ஒரு கணக்குப் பாருங்கள். வாரம் 5 மணி பறந்தால், 200 மணிக்கு 40 வாரம். வாரம் 2 மணிதான் கிடைத்தால் 100 வாரம். ஒரே படிப்பு! ஒருவன் பத்து மாதத்தில் முடிக்கிறான். இன்னொருவன் இரண்டு ஆண்டு தவிக்கிறான்.

இந்த வானத்தைத் தேடிப் பெரிய நாடுகளே கடல் கடந்து போயிருக்கின்றன. ஜெர்மனியின் லுப்தான்சா கம்பெனி தன் மாணவர்களை அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்துக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தது. ஜப்பான் ஏர்லைன்சு கலிபோர்னியாவில் நாபா என்ற ஊரில் 1971 முதல் 2010 வரை பயிற்சி கொடுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்சு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஊரைத் தேர்ந்தெடுத்தது விமானக் கம்பெனி. பயிற்சி முடிந்த பிள்ளைக்கு எந்த நாட்டு லைசென்சு வேண்டும், எங்கே வேலை என்பது கம்பெனிக்கு முன்பே தெரியும். நம் வீட்டில் ஊரைத் தேர்ந்தெடுப்பது அப்பா. கம்பெனி பார்த்த கணக்கை அப்பாவும் பார்க்க வேண்டாமா?

200 மணிக் கணக்கு

இந்தியாவில் வணிக விமானி லைசென்சு வாங்க 200 மணி பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, தானே தலைமை விமானியாக இருந்து பறந்திருக்க வேண்டும். அந்த நூறில் 20 மணி, ஊர் விட்டு ஊர் போயிருக்க வேண்டும். அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. இரவில் 5 மணி. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 10 மணி.

இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு.

ஆஸ்திரேலியாவில் தொடர் பயிற்சியாகப் படித்தால் 150 மணியிலேயே வணிக லைசென்சு கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு வகைப் பள்ளியில் 190 மணி போதும். மற்ற வகையில் 250 மணி. கனடாவில் 200 மணி.

150 மணியில் முடிகிறதே, மலிவு என்று ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு மகனை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் லைசென்சோடு வருகிறான். இந்தியக் கணக்குக்கு 50 மணி குறைகிறது. ஒரு மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்தால், 50 மணிக்கு 7½ லட்சம் ரூபாய். அதை முன்பே தெரிந்து, அங்கேயே சேர்த்துப் பறந்து வந்தால் சரி. வந்த பிறகு தெரிந்தால்?

ஆஸ்திரேலியா மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல நாடு, நல்ல பயிற்சி. இந்தியக் கணக்கு தெரியாமல் போவதுதான் மோசம்.

"தலைமை விமானியாகப் பறந்த நேரம்" என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆசிரியர் பக்கத்தில் இருந்தபோது மாணவன் ஓட்டிய நேரத்தை ஒரு நாட்டில் ஒரு விதமாக எழுதுவார்கள், இன்னொரு நாட்டில் வேறு விதமாக எழுதுவார்கள். அங்கே 100 மணி என்று எழுதியது இங்கே 100 மணி ஆகாமல் போகலாம்.

ஆகவே, பள்ளிக்குப் போகும் முதல் நாளே, இந்திய விதியை ஒரு தாளில் எழுதிப் பிள்ளை கையில் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஊர் வானம்?

நாடு நல்ல நாடாக இருக்கலாம். ஊரையும் பார்க்க வேண்டும். மாதத்தையும் பார்க்க வேண்டும்.

அரிசோனாவில் வெயில் நிறைய. மழை குறைவு. ஆனால் கோடையில் வெப்பம் தாங்காது. வெப்பம் ஏற ஏற, சின்ன விமானத்தின் தூக்கும் சக்தி குறையும்.

புளோரிடாவில் ஆண்டு முழுவதும் பறக்கலாம். ஆனால் கோடையில் பிற்பகல்தோறும் இடி மழை வரும். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம்.

கனடாவில் குளிர்காலம் நீண்டது. பனியும் உறைபனியும் பயிற்சியை நிறுத்திவிடும். அதே சமயம், அந்தக் குளிரில் கற்றவனுக்குப் பனியைப் பற்றிய நல்ல அனுபவம் கிடைக்கும்.

தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கு பகுதி கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. உயரத்தில் காற்று மெல்லியது. விமானம் எழும்ப அதிக தூரம் ஓடவேண்டும். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும். அங்கே குளிர்காலம் ஜூன், ஜூலை என்பதை மறக்கக்கூடாது.

நியூசிலாந்தில் மலையும் காற்றும் அதிகம். இங்கிலாந்தில் மேகமும் மழையும் எல்லோருக்கும் தெரிந்ததே.

குறையே இல்லாத ஊர் கிடையாது. "ஆண்டுக்கு 365 நாளும் பறக்கலாம்" என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். "போன ஆண்டு சேர்ந்த மாணவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் வானம், விமானம், ஆசிரியர் மூன்றும் அடங்கிவிடும்.

வீட்டின் மேல் கடன்

இனிப் பணக் கணக்கு.

வெளிநாட்டுப் பயிற்சி, தங்கும் செலவு, லைசென்சு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் சாதாரணமாக அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். அதோடு முடிவதில்லை. பெரிய விமானம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஏர்பஸ் விமானத்துக்கு ஒரு பயிற்சி, போயிங் விமானத்துக்கு ஒரு பயிற்சி. அதற்கு இன்னும் பல லட்சம் ரூபாய் ஆகும். முதல் பேச்சில் இந்தத் தொகையை ஏஜெண்டு சொல்ல மாட்டார்.

60 லட்சம் ரூபாய் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 11. ஆண்டுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். மாதத்துக்கு 55,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், வட்டி மட்டும் இது!

பிள்ளை படிக்கும்போதும் வட்டி ஏறும். லைசென்சு மாற்றக் காத்திருக்கும்போதும் ஏறும். வேலைக்குக் காத்திருக்கும்போதும் ஏறும்.

டாலர் விலையும் நிற்காது. 2013 நடுவில் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய். 2023 முடிவில் சுமார் 83 ரூபாய். அமெரிக்கப் பள்ளி சம்பளத்தைக் கூட்டாவிட்டாலும் நம் செலவு கூடும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடலுக்கு அப்பால் போடும் பணத்தை இன்னும் நன்றாக அளக்க வேண்டாமா?

மொத்தமாகக் கட்டாதீர்கள்

"முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று பள்ளி சொல்லும். ஆசையாக இருக்கும். கட்டாதீர்கள்!

பறக்கும் பள்ளிகள் திடீரென்று மூடப்படுவது உண்டு. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்த சில்வர் ஸ்டேட் என்ற பெரிய பள்ளி, 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் மூடப்பட்டது. மாணவர்கள் பலர், ஒவ்வொருவரும் சுமார் 70,000 டாலர் கடன் வாங்கி முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். பள்ளி போயிற்று, கடன் நின்றது.

இங்கிலாந்தில் கேபேர் என்ற பெயர் பெற்ற பழைய பள்ளி 2012 தொடக்கத்தில் நொடித்தது. ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்தில் 1968 முதல் நடந்த டேசைடு பள்ளி, 2023 ஏப்ரலில் மூடப்பட்டது.

பழைய பள்ளி, பெரிய பள்ளி, நல்ல நாட்டுப் பள்ளி, எதுவும் மூடப்படலாம். ஆகவே 10 மணி அல்லது 20 மணிக்கு உரிய பணத்தை மட்டும் கட்டுங்கள். பறந்து முடித்த பிறகு அடுத்த தவணை. இதற்குச் சம்மதிக்காத பள்ளி, எவ்வளவு அழகான பள்ளியாக இருந்தாலும் வேண்டாம்.

என்ன என்ன கேட்கவேண்டும்?

ஏஜெண்டு பள்ளியிடமிருந்து கமிஷன் வாங்குகிறவர். அது அவர் தொழில். அதில் குற்றம் இல்லை. ஆனால் அவர் சொல்வதை மட்டும் கேட்டு வீட்டை அடமானம் வைப்பது குற்றம். நேரே பள்ளிக்கே எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

1. உங்களிடம் எத்தனை விமானம் உண்டு? அதில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை?

2. ஆசிரியர் எத்தனை பேர்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்?

3. சம்பளத்தில் பெட்ரோல், விமான நிலையக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அடங்குமா? பரீட்சையில் தவறினால் மறுபடி எவ்வளவு?

4. பிள்ளை நடுவில் திரும்பி வந்தால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்பும்?

5. இந்திய லைசென்சாக மாற்றிக்கொண்ட உங்கள் பழைய மாணவர்கள் மூன்று பேருடன் பேச முடியுமா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். அந்த மூன்று பேரோடு நிறுத்தாதீர்கள். வேலை கிடைக்காமல் இருக்கும் ஒருவரையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விளம்பரப் படத்தில் தொப்பி போட்டுச் சிரிக்கிறவர் வேலை கிடைத்தவர். கிடைக்காதவரைப் படம் எடுத்து யாரும் ஒட்டுவதில்லை.

அந்தப் பள்ளிக்கு அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதி உண்டா என்பதை, அரசாங்க அலுவலகத்தின் பட்டியலிலேயே பார்க்கலாம். பள்ளி அனுப்பும் காகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

புறப்படும் முன் மூன்று வேலை

எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டும் முன், உள்ளூரிலேயே முடிக்கக்கூடிய வேலைகள் மூன்று இருக்கின்றன.

முதல் வேலை, டாக்டர் சோதனை. டி.ஜி.சி.ஏ. ஒப்புக்கொண்ட டாக்டரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை. பிறகு முதல் வகுப்புச் சோதனை. கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது பொதுவாகத் தடை ஆகாது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாத குறை தடை ஆகலாம். அந்தக் குறை உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. பணம் கட்டி, கடல் கடந்த பிறகு தெரியவேண்டுமா?

இரண்டாவது வேலை, பரீட்சை. வான்வழி காணும் முறை, வானிலை, விமானச் சட்டம், விமானத்தின் பொறி பற்றிய பாடம் ஆகியவற்றில் டி.ஜி.சி.ஏ. பரீட்சை நடத்துகிறது. 70 மார்க்கு எடுத்தால் தேர்வு. வெளிநாட்டு லைசென்சை மாற்றுவதற்கும் பரீட்சை எழுதியே ஆகவேண்டும். திரும்பி வந்து எழுதுவதைவிட, போகும் முன்பே எழுதிவிடுவது நல்லது. இந்தப் பாடங்களைப் படிக்கும்போதே, பிள்ளைக்கு இந்தத் தொழில் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் இந்த உண்மை தெரிவது நல்லதா? பல லட்சம் செலவழித்த பிறகு தெரிவது நல்லதா?

மூன்றாவது வேலை, ஆங்கிலம். வெளிநாட்டு விமானம் பறக்கும் விமானியிடம் ஆங்கிலத் தகுதி கேட்கிறார்கள். ஆறு படிகளில் நான்காம் படியாவது எட்டவேண்டும். இது கவிதை எழுதும் ஆங்கிலம் அல்ல. கேட்டதைப் புரிந்துகொண்டு தெளிவாகத் திரும்பச் சொல்லும் ஆங்கிலம். தமிழில் படித்த பிள்ளையும் ஓர் ஆண்டு முயன்றால் முடியும். பயப்படவேண்டாம். ஆனால் முயற்சியைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

படிப்பு விஷயம் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணக்கும் படித்திருக்கவேண்டும் என்பது பல ஆண்டுகளாக உள்ள விதி. இதைத் தளர்த்தலாம் என்ற யோசனை 2025-ல் எழுந்தது. சேரும் நாளில் உள்ள விதியைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

குறுக்கு வழி வேண்டாம். "பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2011-ல் போலி மார்க்குத் தாள் கொடுத்து லைசென்சு வாங்கிய விமானிகள் பிடிபட்டுக் கைதானார்கள். வேலையும் போயிற்று, மானமும் போயிற்று. அவர்கள் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

உள்ளூரையும் பாருங்கள்

நம் நாட்டில் பறக்கக் கற்பது புதிது அல்ல. ஜே.ஆர்.டி. டாட்டா 1929-ல் லைசென்சு வாங்கினார். 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அந்தத் தபால் பம்பாயிலிருந்து சென்னைக்கும் விமானத்திலேயே வந்து சேர்ந்தது.

இன்று உத்தரப்பிரதேசத்தில் பர்சத்கஞ்சு என்ற ஊரில் மத்திய அரசாங்கத்தின் பறக்கும் பள்ளி இருக்கிறது. நுழைவுப் பரீட்சை வைத்துச் சேர்க்கிறார்கள். தனியார் பள்ளிகளும் பல இருக்கின்றன. 2025-ல் டி.ஜி.சி.ஏ. இந்தப் பள்ளிகளுக்குத் தர வரிசை வெளியிடத் தொடங்கியது. அதைப் பாருங்கள்.

உள்ளூரில் கற்றால் லைசென்சு மாற்றும் வேலை இல்லை. விசா இல்லை. டாலர் இல்லை. நல்ல இந்தியப் பள்ளியில், கேட்ட மாதத்துக்குள் முடித்துக் கொடுப்பார்கள் என்று தெரிந்தால், அதுவே முதல் இடம். அது கிடைக்காதபோதுதான் வெளிநாடு.

விமானக் கம்பெனிகளே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, தாம் ஒப்பந்தம் செய்த பள்ளியில் பயிற்சி கொடுக்கும் திட்டமும் உண்டு. செலவு ஒரு கோடி ரூபாயைச் சுற்றி வரும். ஆனால் பெரிய விமானப் பயிற்சியும் அதில் அடங்குவது உண்டு. வேலை உறுதியா, அல்லது "வாய்ப்பு உண்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

"விமானிகளுக்கு இப்போது ரொம்பத் தேவை" என்று சொல்கிறார்களே? உண்மைதான். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. விமானம் வந்தால் விமானியும் வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2012-ல் கிங்பிஷர் நின்றது. 2019-ல் ஜெட் ஏர்வேசு நின்றது. 2020-ல் கொரோனா வந்து உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்றன. 2023-ல் கோ பர்ஸ்ட் நின்றது. ஒவ்வொரு தடவையும், பல ஆயிரம் மணி பறந்த விமானிகள் வேலை தேடி வந்தார்கள். 200 மணிப் பிள்ளை அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான்.

ஆகவே, பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு வேலை இல்லாவிட்டாலும் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள். தாங்கும் என்றால் அனுப்புங்கள். தாங்காது என்றால் செலவைக் குறையுங்கள், அல்லது பிள்ளையை முதலில் ஒரு பட்டம் வாங்கச் சொல்லுங்கள். 18 வயதில்தான் விமானி ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. 23 வயதில் தொடங்கியும் பெரிய விமானத்தின் காப்டன் ஆனவர்கள் உண்டு. 65 வயது வரை ஓட்டலாம்.

பெற்றோர்களே! பிள்ளையின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். "நமக்கு எதற்கு இந்த ஆசை?" என்றும் சொல்லாதீர்கள். விமானம் ஓட்டுவது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த வேலை அல்ல.

பிள்ளைகளே! அப்பா விலை கேட்டால் கோபப்படாதீர்கள். விமானம் எழும்பும் முன், எடை எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று விமானி கணக்குப் போடுகிறான். கணக்குப் போடாமல் எழும்பினால் அவன் நல்ல விமானி அல்ல. அந்தக் கணக்கை உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

முதலில் டாக்டர். பிறகு பரீட்சை. பிறகு வேலை எங்கே என்ற கேள்வி. அதன் பிறகு பள்ளி. எல்லாவற்றுக்கும் கடைசியில் பணம்.

இந்த வரிசை மாறாமல் இருந்தால், எந்த நாட்டில் கற்றாலும் நன்மையே!